மாட்ரின் தெருவும் மாட்ரின் துறைமுகமும்

லிவர்பூல் நகரின் டாக்ஸ்டெத் பகுதியில், தோளோடு தோள் உரசி நிற்கும் செங்கல் வீடுகளைக் கொண்ட சில தெருக்களை ஊரார் 'வெல்ஷ் தெருக்கள்' என்றே அழைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் எழுப்பியவை அவை. வரைபடம் போட்டுத் தந்த ரிச்சர்ட் ஓவன்ஸும் வேல்ஸ்காரர்தான். அவற்றுள் ஒன்று மாட்ரின் தெரு. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் அங்கே 9ஆம் எண் வீட்டில் பிறந்தார் என்பதற்காகச் சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அந்த வழியாக வாரம் ஒருமுறை நடப்பதற்குக் காரணம் வேறு. என் வெல்ஷ் மொழி வகுப்புக்கு அதுதான் குறுக்கு வழி.

வகுப்பு நடத்தும் அம்மையார் வடமேற்கு வேல்ஸின் லீன் தீபகற்பத்தைச் சேர்ந்தவர். திருமணமாகி லிவர்பூலுக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தெருப்பெயரைப் பற்றி நான் ஒருநாள் கேட்டபோது, மாட்ரின் என்பது தம் ஊர்ப்பக்கத்துப் பண்ணை மாளிகை ஒன்றின் பெயர் என்றும், உலகின் மறுகோடியில் அர்ஜென்டினாவில் அதே பெயரில் ஒரு துறைமுகம் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, அன்றைய இலக்கணப் பாடத்தை மூடி வைத்தார். வெளிநாடுகளில் வாழும் வெல்ஷ் மக்களின் செய்திகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த மாலையிலிருந்துதான்.

அந்தத் துறைமுகத்தின் கதை லிவர்பூலில்தான் தொடங்குகிறது. 1865 மே மாதக் கடைசியில், தேயிலை ஏற்றிப் பழகிய 'மிமோசா' என்ற பாய்மரக் கப்பல், ஏறத்தாழ 150 வெல்ஷ் மக்களுடன் இங்கிருந்து தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. இடம் பார்க்க முன்னதாகச் சென்ற இருவரில் ஒருவரான லவ் ஜோன்ஸ் பாரி, மாட்ரின் மாளிகைக்கு உரியவர். அவர் வழியாகப் புவெர்த்தோ மாட்ரின் என்ற பெயர் வந்தது. மற்றவரான லூயிஸ் ஜோன்ஸின் பெயர் இன்று ட்ரெலியூ நகரத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ட்ரே' என்றால் ஊர். ஆகவே அது லூயிஸ் ஊர்.

எனக்கு வியப்பளித்தது கப்பலைவிட அதன் பின்னால் இருந்த கணக்குதான். இத்திட்டத்தின் மூளையாக இருந்த மைக்கேல் டி. ஜோன்ஸ், பாலா ஊரைச் சேர்ந்த சமயப் போதகர். அவர் இளவயதில் அமெரிக்காவின் ஒஹாயோவில் சில காலம் தங்கியபோது, அங்கு குடியேறிய வெல்ஷ் குடும்பங்கள் எவ்வளவு வேகமாக ஆங்கிலத்துக்குள் கரைகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தார். ஆங்கிலம் எட்டாத ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. ஒரு புலம்பெயர்வின் தோல்வியைப் பார்த்து இன்னொரு புலம்பெயர்வைத் திட்டமிட்டார்கள் என்றுதான் இதைச் சொல்லவேண்டும்.

திட்டம் பிழைத்தது பெரும்பாடு. தெற்கில் ஜூலை என்பது கடுங்குளிர்காலம். 28ஆம் தேதி கரையிறங்கியவர்கள் கண்டது, வேல்ஸின் பசும்புல்லை அல்ல, வறண்ட புதர்வெளியை. குடிநீருக்கும் விளைநிலத்துக்கும் சூபூத் ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைய அறுபது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டியிருந்தது. அங்கே வேட்டையாடக் கற்றுக்கொடுத்துப் பட்டினியைத் தணித்தவர்கள் தெவெல்ச்சே பழங்குடியினர். பிறகு ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்யும் யோசனை ரேச்சல் ஜென்கின்ஸ் என்ற பெண்ணுக்குத் தோன்றி, அவர் கணவர் ஆரன் அதை வயலில் செய்துகாட்டினார் என்பதை அங்குள்ளவர்கள் இன்றும் நன்றியுடன் சொல்கிறார்கள். வாய்க்கால் வந்த பிறகே கோதுமை வந்தது. கோதுமை வந்த பிறகே கய்மன் போன்ற ஊர்கள் வந்தன.

ஜூலை 28, 'கரையிறங்கிய நாள்' விழாவாகச் சூபூத் மாநிலத்தில் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. தேவாலயக் கூடங்களில் நீண்ட மேசை போட்டு, தேநீரும், வெண்ணெய் தடவிய ரொட்டியும், 'தோர்த்தா நேக்ரா' எனப்படும் கறுப்புக் கேக்கும் பரிமாறுவார்கள். கறுப்புச் சர்க்கரையும் உலர்பழங்களும் சேர்ந்து பல நாள் கெடாமல் இருக்கும் இந்தக் கேக், வேல்ஸிலிருந்து கொண்டுபோனது அன்று, கையில் இருந்த பண்டங்களைக் கொண்டு அங்கேயே உருவானது. அர்ஜென்டினர்கள் அதை வெல்ஷ் கேக் என்கிறார்கள்; வேல்ஸில் அதை, சூபூத் அடங்கிய தென் பகுதியின் பெயரால், படகோனியா கேக் என்கிறார்கள். இரண்டு தரப்பும் அடுத்தவருக்கே உரிமை கொடுக்கும் பண்டம் உலகில் அரிது!

இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடம் முழுக்க ஸ்பானிஷ் ஆனபோது, ஒஹாயோவில் நடந்தது சூபூத்திலும் நடக்கும் போலிருந்தது. 1965இல் நூற்றாண்டு விழாவுக்காக வேல்ஸிலிருந்து ஒரு கூட்டம் போய் இறங்கியதும் அறுந்த நூல் மீண்டும் முடியப்பட்டது. 1997 முதல் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாக ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்படுகிறார்கள். இன்று ட்ரெலியூ, கய்மன், மலையடிவாரத்து ட்ரெவெலின் ஆகிய மூன்று ஊர்களிலும் ஸ்பானிஷும் வெல்ஷும் சேர்ந்து பயிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வெல்ஷ் மொழியில் ஸ்பானிஷ் மணம் வீசுகிறது என்று எங்கள் ஆசிரியை சிரித்துக்கொண்டே சொல்வார், குறையாக அல்ல.

அக்டோபரில் ட்ரெலியூவில் நடக்கும் ஐஸ்தெத்வோத், அவர்கள் ஆண்டின் உச்சம். 'உட்கார்தல்' என்ற வினையிலிருந்து பிறந்த இந்தச் சொல்லை 'அவை' என்று மொழிபெயர்த்தால் பொருந்தும்: கவிதை, இசை, உரைநடை, நடனம் எல்லாவற்றுக்கும் போட்டி நடக்கும் அவை. வென்ற கவிஞருக்கு ஒரு நாற்காலி பரிசு என்பதும் அதனால்தான் பொருத்தமாகிறது. சூபூத்தில் வெல்ஷ் கவிதைக்கு நாற்காலியும் ஸ்பானிஷ் கவிதைக்கு மகுடமும் தருகிறார்கள். தாயகத்தின் தேசிய ஐஸ்தெத்வோத்தோ 1950 முதல் வெல்ஷ் மொழிக்கு மட்டும் என்ற விதியை இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. இரண்டும் அவரவர் இடத்தில் சரி என்பதே என் எண்ணம்.

தாயக நாற்காலிக்கான கவிதை 'கங்ஹானெத்' என்ற யாப்பில் அமையவேண்டும். எதுகை மோனை படித்த நமக்கு இது நெருக்கமான சங்கதி. ஆனால் நம்முடையதைவிடக் கெடுபிடி அதிகம். அதன் ஒரு வகையில், அடியை இரண்டாகப் பிரித்தால் முதற்பாதியின் மெய்யெழுத்துகள் எல்லாம் அதே வரிசையில் இரண்டாம் பாதியில் திரும்ப வரவேண்டும். உயிர்கள் மட்டும் மாறலாம். 'மலை வாடை, மாலை வீடு' என்பதில் ம, ல, வ, ட நான்கும் வரிசை மாறாமல் திரும்புவதைப் போல. இதையே நூற்றுக்கணக்கான அடிகளுக்கு, பொருள் சிதையாமல் செய்வதாகக் கற்பனை செய்யுங்கள். ழகரம் பழகிய நாக்கு என்ற கர்வத்தோடு வகுப்பில் சேர்ந்த நான், அவர்களுடைய காற்றடிக்கும் இரட்டை லகரத்திடம் இரண்டே வாரத்தில் தோற்றேன். கங்ஹானெத் பக்கம் இன்னும் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த நாற்காலிகளிலேயே புகழ்பெற்றது, என் வீட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் பர்க்கன்ஹெட்டில் வழங்கப்பட்டது. 1917 செப்டம்பரில் அங்கு தேசிய ஐஸ்தெத்வோத் நடந்தது. வென்றவரின் புனைபெயரை மேடையிலிருந்து அழைத்தார்கள், எவரும் எழவில்லை. எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட ஹேத் வின், ஜூலை 31ஆம் தேதியே பெல்ஜியத்துப் போர்க்களத்தில் இறந்துவிட்டார் என்று அறிவித்து, நாற்காலியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். அந்த நாற்காலியைச் செதுக்கியவர் யூஜீன் வான்ஃப்ளெட்டரன், அதே போரினால் பெல்ஜியத்தை விட்டு ஓடிவந்து பர்க்கன்ஹெட்டில் தங்கியிருந்த தச்சர். கவிஞர் தச்சரின் நாட்டில் மாண்டார்; தச்சர் கவிஞரின் மக்களுக்காக நாற்காலி செய்தார். இன்று அது ட்ராஸ்வெனித் அருகில் கவிஞரின் பண்ணை வீட்டில் இருக்கிறது.

வேல்ஸுக்கு வெளியே தேசிய ஐஸ்தெத்வோத் கடைசியாக நடந்தது 1929இல், இதே லிவர்பூலில். அதே ஆண்டு, அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், நயாகரா அருவியை ஒட்டிய கோட் தீவில், அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்ந்த வெல்ஷ் மக்கள் கூடித் தங்கள் முதல் தேசிய 'கமன்வா கானி'யை, அதாவது துதிப்பாடல்களைச் சேர்ந்து பாடும் விழாவை, நடத்தினார்கள். இந்தப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் நாட்காட்டியில் அதைப் பார்க்கும்போது ஒரு கதவு மூடி இன்னொன்று திறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. பல நகரங்களுக்கு மாறி மாறிச் செல்லும் இன்றைய வட அமெரிக்க வேல்ஸ் திருவிழா, அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்தது. அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் வெல்ஷ் பேசுவதில்லை. மைக்கேல் டி. ஜோன்ஸ் பயந்தது அவர்கள் வரையில் பலித்துவிட்டது. ஆனால் பாட்டு போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது, நானே ஒரு கமன்வாவில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. கச்சேரிபோல் கேட்க வருபவர் அங்கு எவரும் இல்லை. வந்தவர் எல்லாரும் பாடவேண்டும். உயர்குரல் பெண்கள் ஒரு பக்கம், தாழ்குரல் பெண்கள் ஒரு பக்கம், ஆண்களிலும் அப்படியே என்று நான்காகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். என் கையில் ஒரு பழைய பாட்டுப் புத்தகம் வந்தது. அதில் ஐந்து கோடுகளும் புள்ளிகளும் இல்லை. டோ, ரே, மீ என்பவற்றின் முதலெழுத்துகள், இடையிடையே முக்காற்புள்ளிகள், அவ்வளவுதான். ஸரிகம எழுதிப் படித்தவனுக்கு அதில் மிரள ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் என் புத்தகத்தில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்திக்கொண்டே பாடினார். நடத்துநருக்குப் பிடித்துப்போனால் கடைசி அடியைத் திரும்பப் பாடச் சொல்வார். அன்று ஒரே அடியை நான்கு முறை பாடினோம். 'ஹிரைத்' என்று ஊர் ஏக்கத்துக்கு ஒரு சொல் வைத்திருப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அந்தக் கூடத்தில் ஏங்குவதற்கு யாருக்கும் நேரமில்லை; தங்கள் குரலின் வரியைத் தவறவிடாமல் இருப்பதே பெரும் வேலையாக இருந்தது.

செய்தித்தாள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1851இல் நியூயார்க்கில் தொடங்கிய 'அ ட்ரீக்', 1975இல் தொடங்கிய 'நினாய்' இரண்டும் 2003இல் ஒன்றாயின. சூபூத்தின் 'அ ட்ராவோத்' 1891இல் லூயிஸ் ஜோன்ஸ் தொடங்கியது. வகுப்புக்கு யாரோ கொண்டுவரும் பழைய இதழ்களில் நான் முதலில் தேடுவது தலையங்கத்தை அல்ல, எந்த ஊரில் எந்தப் பாடகர் குழுவுக்கு ஆண்குரல் போதவில்லை என்ற சிறு அறிவிப்புகளைத்தான்.

2025இல் ரெக்சமில் நடந்த தேசிய ஐஸ்தெத்வோத்தை அடுத்து, 2026க்குப் பெம்ப்ரோக்‌ஷயரின் லான்டூட் கிராமம் தேர்வானது. அருகிலுள்ள கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு 1176இல் கூட்டிய அவையே முதல் ஐஸ்தெத்வோத் என்று கருதப்படுவதால், 850ஆம் ஆண்டை ஒட்டிய தேர்வு இது. அது ஆகஸ்டில். அதற்கு முன் ஜூலை 28 வரும். அன்று வகுப்பில் கறுப்புக் கேக் செய்வதாக ஆசிரியை வாக்களித்திருக்கிறார். எனக்குக் கொடுத்த வேலை, மாட்ரின் தெருவில் நின்று ஒரு படம் எடுத்து ட்ரெலியூவிலுள்ள அவருடைய பழைய மாணவிக்கு இரண்டு வரி வெல்ஷில் எழுதி அனுப்புவது. முதல் வரியை எழுதிவிட்டேன். 'வேல்ஸில்' என்று சொல்லும்போது நாட்டின் வெல்ஷ் பெயரான கம்ரி என்ற சொல்லின் முதலெழுத்து புணர்ச்சியில் திரிய வேண்டும்; திரிக்க மறந்திருந்தேன். அவர் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.