ரத்த குரூப் ஒண்ணு, கிட்னி மட்டும் சேரலை

சோமனூர் பக்கம் தறி ஓட்டுற ஆளு நான். சம்சாரத்துக்கு ரெண்டு கிட்னியும் போய், கோயமுத்தூருக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்துட்டிருந்தோம். எனக்கும் ஓ பாசிட்டிவ், அவளுக்கும் ஓ பாசிட்டிவ். நானே குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். மச்சான் அண்ணமார் கோயிலுக்குக் கிடா கூட நேர்ந்துவிட்டார்.

என் கிட்னியை அவ உடம்பு ஏத்துக்குமான்னு முன்கூட்டியே பார்க்கற கிராஸ்மேட்ச்ங்கற ரத்த டெஸ்ட்டில் எல்லாம் நின்னுபோச்சு. என் ரத்தத்திலிருந்து வெள்ளையணுவைப் பிரிச்சு, அவ சீரத்தை, அதாவது ரத்தம் உறைஞ்ச பிறகு மிஞ்சற தெளிஞ்ச நீரை, சேர்க்கறாங்க. அந்தச் சீரத்தில் எனக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அன்னியமானதைத் தாக்க உடம்பு உண்டாக்கற பொருள், இருந்தா என் அணு செத்துடும். செத்த அணுவுக்குள்ளதான் சாயம் ஏறும். ஏறிடுச்சு. இதையும் மீறி வெச்சா, ரத்தம் ஓடவிட்ட கொஞ்ச நேரத்திலேயே புதுக் கிட்னி கறுத்துப்போயிடுமாம்.

காரணம் கேட்டா, பசங்க ரெண்டு பேரும்தான். உடம்புல பெரும்பாலான அணுக்கள் மேல எச்எல்ஏன்னு ஒரு அடையாளம் இருக்கு. குழந்தைக்கு அதுல பாதி அம்மாகிட்ட இருந்து, பாதி அப்பன்கிட்ட இருந்து. வயித்துல இருக்கும்போதும் பிரசவத்தப்பவும் பிள்ளையோட அணு கொஞ்சம் தாய் ரத்தத்தில் கலந்துடுது. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு அப்பன் பாதிக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாகும். இவளுக்கு உண்டாகி, வருஷக்கணக்கா உள்ளேயே இருந்திருக்கு. அவ எனக்குக் குடுக்கறதா இருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது. நான் என்ன பிள்ளையா பெத்தேன்? ரத்தத்தோட நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாத்தி ஆன்டிபாடியைக் குறைச்சுட்டு வைக்கற வழியும் இருக்குன்னாங்க. செலவைக் கேட்டதும் நான் வாயைத் திறக்கலை.

அத்தை குறுக்கே வந்தாங்க. "நீங்க தறியைப் பாருங்க மாப்பிள்ளை, எம்புள்ளைக்கு நான் குடுக்கறேன்." பெத்தவங்கங்கறதால பாதி எச்எல்ஏ எப்படியும் பொருந்தும். கிராஸ்மேட்ச்சும் சுத்தமா வந்துச்சு.

ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருக்கா. பழைய கிட்னி ரெண்டையும் எடுக்கலை. புதுசு வலது அடிவயித்தில் இருக்கு. மீதிப் பாதி அன்னியந்தானே, அதை உடம்பு தாக்காம இருக்க மாத்திரை. அதில் டாக்ரோலிமஸ்தான் பெரிய தலைவலி. காலையும் ராத்திரியும் ஒரே நேரத்துக்குப் போடணும். ரத்தத்தில் அந்த மருந்தோட லெவல் பார்க்கற அன்னிக்கு ரத்தம் குடுத்த பிறகுதான் காலை மாத்திரை. பம்பளிமாஸ் ஆகாது, லெவல் எகிறிடும். கை லேசா நடுங்குது; காபி டம்ளரை ரெண்டு கையிலயும் பிடிச்சுத்தான் குடிக்கறா. 1984இல் ஜப்பானில் சுகுபா பக்கத்து மண்ணில் கிடைச்ச ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்தாம் இது. "எல்லாம் நாட்டு மருந்திலேயே சரியாகும், மாத்திரையை நிறுத்து"ன்னு ஒரு பெரியப்பா சொன்னார். அவரை வாசலோட அனுப்பிட்டேன்.

போன செக்கப்புக்கு அத்தையும் வந்திருந்தாங்க. மாத்திரைச் சீட்டைப் பார்த்துட்டு டாக்டரையே கேட்டுட்டாங்க: "ஏனுங்க டாக்டர், இவ பத்து மாசம் முழுசா என் வவுத்துல கெடந்தா. அப்பவும் பாதி அவங்கப்பந்தானுங்களே? எனக்கு ஒரு மாத்திரையும் வேண்டியிருக்கலையே?"

டாக்டர் பேனாவைக் கீழே வெச்சுட்டார். இதே கேள்வியை 1953இல் பீட்டர் மெடவார்ங்கற விஞ்ஞானி கேட்டாராம். 1960இல் நோபல் வாங்கினவர். நஞ்சுக்கொடியில் தாய் ரத்தத்தைத் தொடுற அணுக்கள் வழக்கமான எச்எல்ஏவைப் பெரும்பாலும் வெளியே காட்டறதில்லை, தாக்குற அணுக்களை அடக்கி வைக்கற அணுக்களும் அங்க கூடுதுன்னு விளக்கினார். முழுசா இன்னும் பிடிபடலைன்னும் சொன்னார்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, நான் கேட்டது சரியான கேள்விதான்"னு அத்தை பஸ் ஏறற வரைக்கும் சொல்லிட்டே வந்தாங்க.