அப்புச்சியோட சிடி

"ஏங்கண்ணு, பாடமாட்டேங்குது?"

கோபியில அம்மாயி வீடு. அம்மாயின்னா அம்மாவோட அம்மா. சிடி பிளேயர்ல தட்டு சுத்துது, சத்தமே இல்ல.

பிளேயர்ல கோளாறு இல்லீங்க. அது ஆடியோ சிடி மட்டும் படிக்கிற பழைய பெட்டி. ஆடியோ சிடியில 80 நிமிஷப் பாட்டுதான் கொள்ளும். இந்தத் தட்டு எம்பி3. பாட்டைச் சுருக்கி, அதே 700 எம்பியில 150 பாட்டு. விரிச்சுப் பாட அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

தட்டு மேல நீல மார்க்கர்ல, அம்மாவோட அப்பா, அப்புச்சி கையெழுத்து: 'அவளுக்குப் புடிச்சது'. ஓரத்துல மஞ்சள் கறை, ஒரு விரல் அகலம்.

150 பாட்டு. ஒவ்வொண்ணா ஞாபகம் வெச்சு, கடையில உக்காந்து சொல்லி எழுதி வாங்கியிருக்காரு. அந்தப் பொறுமை எனக்கு யார்மேலயாவது இருக்கா?

பரண்ல இருந்த டிவிடி பிளேயரை எறக்கி மாட்டினேன்.

மொதப் பாட்டுலயே அம்மாயி அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்துட்டாங்க.