கிழங்கு சரி, பேத்தை வேண்டாம்

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும் அடிக்கடி உண்டு. கிழங்கில் சயனைடு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கவே நாத்தனார் பயப்படுகிறார். உண்மைதான், அதிலுள்ள லினமாரின் என்ற பொருள் சயனைடாக மாறக்கூடியது. ஆனால் தோலை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். கசக்கிற கிழங்கை நான் எறிந்துவிடுவேன். கூடவே மீன் சாப்பிடுவதும் நல்லது. மிச்சமிருக்கும் சயனைடை உடல் வெளியேற்ற மீன் புரதத்திலுள்ள கந்தகம் உதவுகிறது.

அப்புறம், வலையில் சிக்கும், பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை மீன். அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது, முறிமருந்தும் கிடையாது. ஈரலை எடுத்துவிட்டால் போதும் என்று யார் சொன்னாலும் சரி, என் அடுப்பில் அது ஏறாது. புரதத்துக்குத்தான் சாளை இருக்கிறதே.