மூணு புள்ளி

க்ளையன்டுக்குப் பண்ணின வெப் பேஜ்ல பில் எல்லாம் ஒரு டேபிளா வரும், அதுல பில் நம்பர் காலமுக்கு (column) 120 பிக்சல் அகலம் போதும்னு சொன்னது நான்தான். கூட வேலை பாக்கற ஜூனியர் பொண்ணு அப்பவே கேட்டா, "அண்ணா, கடைசி நாலு நம்பர் மறைஞ்சிடுதே, பரவாயில்லையா?" நான் ஸ்க்ரீன்ல இருந்து கண்ணை எடுக்காமலே "மவுஸ் வச்சா முழுசா தெரியும்மா, டிசைன்ல அப்படித்தான் இருக்கு"ன்னுட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

என் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. காலம் அகலத்தை எப்படி முடிவு பண்றதுன்னு சொல்ற டேபிள்-லேஅவுட் செட்டிங் ஆட்டோல இருந்தா நாம குடுக்கற அகலத்தை பிரவுசர் ஒரு யோசனையாத்தான் எடுத்துக்கும், ஒவ்வொரு செல்லா அளந்து பாத்து, உடைக்க முடியாத நீளமான வார்த்தை எதுவோ அதுக்கு இடம் விட்டுடும். நடுவுல ஸ்பேஸே இல்லாத 18 எழுத்து பில் நம்பர் வந்தா 120ஆவது ஒண்ணாவது, காலம் வீங்கி பக்கத்துல இருக்கறதெல்லாம் நசுங்கிடும். அடுத்த பக்கம் போனா அகலம் மறுபடி மாறும். நீள வார்த்தையை உடைச்சு அடுத்த வரிக்கு மடிக்கற ஓவர்ஃப்ளோ-ராப் செட்டிங்ல பிரேக்-வேர்ட் போட்டும் பாத்தேன், ஆட்டோல அது குறைந்தபட்ச அகலத்தைக் குறைக்காது, அதே செட்டிங்ல எனிவேர் போட்டாத்தான் குறையும். அதனால டேபிள்-லேஅவுட்டை ஃபிக்ஸ்டுக்கு மாத்தினேன், முதல் வரிசையோட அகலத்தை வச்சே எல்லாம் நின்னுடுச்சு. அது சரியான முடிவுதான், இன்னைக்கும் அப்படித்தான் செய்வேன்.

ஆனா ஃபிக்ஸ்ட் வேற, மிச்சத்தை மறைச்சு மூணு புள்ளி வைக்கற எலிப்சிஸ் வேற இல்லையா. ஃபிக்ஸ்ட்லயே பிரேக்-வேர்ட் போட்டிருந்தா நம்பர் ரெண்டு வரியா மடிஞ்சிருக்கும், வரிசை உயரம்தான் கொஞ்சம் ஏறியிறங்கும். எல்லா வரிசையும் ஒரே உயரத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை, வரி மடியாம இருக்க நோராப் போட்டு, செல்லுக்கு வெளியில வழியறதை மறைச்சு மூணு புள்ளி வச்சேன். எதுவுமே மறைக்காம விட்டிருந்தா நம்பர் பக்கத்து செல் மேல ஏறி அசிங்கமா நின்னிருக்கும், யாராவது உடனே சொல்லியிருப்பாங்க. நான் வச்ச புள்ளி பாக்க அழகா இருந்துச்சு, அதான் யாரும் எதுவும் சொல்லல.

க்ளையன்ட் ஆபிஸ்ல அந்தப் பக்கத்தை டேப்லதான் (டேப்லெட்) பாக்கறாங்க. விரலால தொடற இடத்துல மவுஸ் எங்க வைக்கறது? ஒரே மாச பில்லுக்கு முன்னாடி எழுத்தெல்லாம் ஒண்ணுதான், மாறறதே கடைசி நாலு. ஒருத்தர் ரெண்டு வரிசையைக் குழப்பி வேற பில்லுக்கு அப்ரூவல் குடுத்துட்டார். பணம் போறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க, ஆனா அவர்தான் திட்டு வாங்கினார்னு பின்னாடி கேள்விப்பட்டேன். காலமை 190 ஆக்கறதுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

டேப்ல பாப்பாங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லலைங்கறது உண்மை. நான் கேக்கலைங்கறதும் உண்மை. ஆனா அவ கேட்டது டேபைப் பத்தி இல்லையே, நம்பர் மறையுதுன்னுதானே சொன்னா.

"அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு அவ ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் எது கேக்க வந்தாலும் "அண்ணா, நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம்"னுதான் ஆரம்பிக்கறா. முன்னாடி அப்படி ஆரம்பிக்க மாட்டா.