பெயின்ற் பேணிக்கு ஊற்றிய எண்ணெய்

வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு வரும் பலநாள் படகுகளின் வயர்லெஸ் செற்றுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. உப்புக்காற்று தின்ற செற்றைத் திறந்து, களிம்பு பிடித்த கால்களைச் சுரண்டி, பவர் ட்ரான்சிஸ்டரை மாற்றி முடித்தபிறகு ஒரு தரமாவது மைக்கை அமத்திப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அன்ரெனா இல்லாமல் அமத்தினால் புதிதாகப் போட்ட ட்ரான்சிஸ்டரும் போய்விடும். அன்ரெனாவைக் கொழுவிக்கொண்டு அமத்தினால், "ஹலோ, ஒண்டு, ரெண்டு" என்று நான் கத்துவது கடலில் கிடக்கிற படகெல்லாவற்றுக்கும் கேட்கும். 2182 கிலோஹேட்ஸில் ஆபத்து அழைப்பு வரும். அதில் கத்திப் பழகுகிறவனைத் துறைமுகத்தில் ஒருவரும் கடைக்காரனாக மதிக்க மாட்டார்கள்.

ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது ஒரு 100 வாற்ஸ் குண்டு பல்ப். எரிந்தால் செற் நல்லம். ஆனால் அந்த பல்பின் மின்தடை குளிர்ந்து கிடக்கும்போது 40 ஓம் போலக் காட்டும், 230 வோல்ற்றில் முழுதாக எரியும்போது 530 ஓமுக்குக் கிட்டப் போய்விடும். செற் தேடுவது எந்நேரமும் மாறாத 50 ஓமை. போதாததற்கு, பல்புக்குப் போகும் வயரே அன்ரெனாவாக வேலை செய்து என் குரலை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது.

மட்டக்களப்பு ரவுணில் அமெச்சூர் றேடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் டம்மி லோட் கட்டச் சொன்னார். அன்ரெனாவுக்குப் பதிலாகக் கொழுவினால், செற் அனுப்புவதை வெளியே விடாமல் சூடாக்கி விழுங்கிவிடும். அமெரிக்காவில் ஹீத்கிற் கம்பனி 'கன்ரெனா' என்று ஒன்றை விற்றதாம். ஒரு கலன் பேணிக்குள் 50 ஓம் ரெசிஸ்டர், அதன் சூட்டை இழுக்க அது மூழ்கும் அளவுக்கு ஒயில். 1000 வாற்ஸைக் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். எனக்கு அவ்வளவு தேவையில்லை. 1 கிலோ ஓம், 3 வாற்ஸ் மெற்றல் ஒக்சைட் ரெசிஸ்டர் 20 வாங்கி, இரண்டு செப்புத் தகட்டுக்கு இடையில் வளையமாக நிறுத்தி, ஈயம் பற்றவைத்தேன். இருபதையும் சமாந்தரமாகப் போட்டால் 50 ஓம். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இதற்கு உதவாது, அது சுருள் மாதிரி நடந்துகொள்ளும். காற்றில் 60 வாற்ஸ் தாங்கும் இந்தக் கூட்டம், ஒயிலுக்குள் இறக்கினால் 100 வாற்ஸைச் சிரமமில்லாமல் விழுங்கும். கழுவிக் காயவைத்த நாலு லீற்றர் பெயின்ற் பேணியும் தயார்.

எந்த ஒயில்?

எனக்குத் தொழில் பழக்கிய அண்ணனுக்கு அதில் சந்தேகமே இல்லை. "தேங்காயெண்ணெய் ஊத்து மனே. கறண்ட் பாயாது, வீட்டிலயும் கிடக்கு." ஊற்றினேன். உண்மையில் நன்றாகத்தான் வேலை செய்தது. மறுகா மாரி வந்தது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். தை மாதத்தில் ஒரு விடியற்காலை மூடியைத் திறந்தால் உள்ளே நெய் மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது. அமத்திப் பார்த்தேன். ரெசிஸ்டரைச் சுற்றி விரல் தடிப்புக்கு மட்டும் உருகிக் கண்ணாடியானது, மற்றதெல்லாம் அசையவில்லை. எண்ணெய் சுழன்றால்தானே சூடு பேணியின் விளிம்புக்கு வரும்? ஒரு வருசத்தில் காறல் மணமும் எறும்பும் சேர்ந்துகொண்டன. செப்புத் தகட்டை வெளியே எடுத்தபோது பாசி பிடித்த கிணற்றுக்கட்டு மாதிரி பச்சை. கெட்டுப்போன எண்ணெயின் அமிலம் செய்த வேலை.

எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மண்ணெண்ணெய் என்றவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. 38 பாகையிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கலாம், வைகாசி மாதத்தில் என் கடைக்குள் அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பிரேக் ஒயில் ஈரத்தைக் குடிக்கும், பெயின்றையும் உரிக்கும். எரித்த எஞ்சின் ஒயிலில் கரியும் இரும்புத்தூளும்.

பிறகு வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் சும்மாவே ஒரு கான் ரான்ஸ்போமர் ஒயில் தந்தார். எங்கோ கழித்த ரான்ஸ்போமரிலிருந்து வடித்ததாம். "இதைவிட நல்ல சாமான் கிடையாது தம்பி" என்றார். கையெல்லாம் அதே ஒயில். காய்ச்சல் வந்தவன் மருந்தைக் கண்டது போல வாங்கி வந்தேன். நல்லவேளை, ஊற்றுவதற்கு முன் ரவுண் நண்பரிடம் சொன்னேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எந்த வருசத்து ரான்ஸ்போமர்?" என்றார்.

பழைய ரான்ஸ்போமர்கள் சிலவற்றில் தீப்பிடிக்காமல் இருக்க பி.சி.பி. என்கிற குளோரின் சேர்ந்த திரவத்தை நிரப்பினார்கள். தோலுக்கும் ஈரலுக்கும் கேடு, புற்றுநோயும் தரும், மண்ணில் எளிதில் அழியாது, மீனின் கொழுப்பில் போய்ச் சேரும். இலங்கையும் கையெழுத்திட்ட 2001 ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இதை ஒழிக்கச் சொல்கிறது. தனி பி.சி.பி. தண்ணீரில் தாழும். ஆனால் சாதாரண ஒயிலில் கொஞ்சம் கலந்திருந்தால் அது மிதக்கத்தான் செய்யும். மணத்திலும் நிறத்திலும் ஒன்றும் தெரியாது. கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்பதே எல்லைக்கோடு. ஆய்வுகூடம் இல்லாமல் அதை நான் எப்படிப் பார்ப்பது?

கடைசியில் போனது மருந்துக்கடைக்கு. லிக்விட் பரஃபின், மலச்சிக்கலுக்குக் கொடுப்பது. மணம் இல்லை, காறாது, உறையாது, செம்பைத் தொடாது. இருந்த போத்தல் எல்லாவற்றையும் கேட்டேன். ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இவ்வளவும் ஆருக்கு?"

"ஒரு பேணிக்கு ஐயா."

மேற்கொண்டு கேட்கவில்லை. காசு மட்டும் கொஞ்சம் நொந்தது.

மூன்றரை லீற்றர் ஊற்றினேன். சூட்டில் ஒயில் விரியும் என்பதால் மேலே இடம் விட்டு, மூடியில் ஊசித்துளை ஒன்று. 100 வாற்ஸை ஐந்து நிமிசம் பிடித்தால் ஏறத்தாழ 5 பாகைதான் ஏறுகிறது. பேணியைக் கையால் தொட்டால் தெரியாது. அந்தளவு சூட்டை இழுக்க எந்த எண்ணெயும் போதும் என்பதையும் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிழை விட்டேன்: கேபிளை நேரே பேணிக்குள் இறக்கிவிட்டேன். மூன்று மாதத்தில் பரஃபின் விளக்குத்திரியில் ஏறுவது போலக் கேபிளின் பின்னல் வழியே ஏறி, மேசையிலிருந்த மீற்றருக்குள் சொட்டியது. இப்போது மூடியில் சொக்கற், அதற்கு வெளியேதான் கேபிள்.

அந்தக் கான் இன்னும் கடையின் பின்பக்கம் இருக்கிறது. மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, 'ஊற்றாதே' என்று எழுதியிருக்கிறேன். வடிகானில் ஊற்றினால் ஆற்றுக்குப் போகும், எரித்தால் அதைவிட நஞ்சு, வெல்டிங்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் அவர் கையில். அவரிடம் விசயத்தைச் சொன்னேன், சிரித்தார். போன மாரியில் வெள்ளம் கடைக்குள் முழங்கால் அளவு வந்தபோது முதலில் தூக்கி மேசைமேல் வைத்தது அதைத்தான். செற்றுகளெல்லாம் பிறகு.