வசனம் இல்லாத இடம்

சீரியலுக்குப் பின்னணி இசை போடுகிறேன் என்று சொன்னால், உடனே கீபோர்டு வாசிப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வாத்தியமும் வராது. இசையமைப்பாளர் தொடர் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு தொகுப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தினமும் வரும் எபிசோடைப் பார்த்து, அந்தத் தொகுப்பிலிருந்து காட்சிக்குத் தக்கதை எடுத்து, வெட்டி, ஒட்டி, வசனத்துக்குக் கீழே உட்கார வைப்பதுதான் என் வேலை. என் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர்களின் பெயரைப் படித்தாலே முழுக் கதையும் தெரிந்துவிடும்: ‘அம்மா சோகம்’, ‘மாமியார் நடை’, ‘அதிர்ச்சி சின்னது’, ‘அதிர்ச்சி பெரியது’, ‘கல்யாணம் நிற்கிறது’. கடைசி ஃபோல்டரைத்தான் அதிகம் திறக்க வேண்டியிருக்கிறது.

சவுண்ட் எஃபெக்ட்ஸ் போடும் தம்பி ஒருவன் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பைத்தியம். “அண்ணே, கதையை விடுங்க, ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு சவுண்டுக்காகப் பாருங்க” என்று அவன் கொடுத்ததுதான் ‘நுவார்’. 2001 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை டிவி டோக்கியோவில் ஓடிய தொடர். மொத்தம் 26 அத்தியாயங்கள். பீ டிரெய்ன் ஸ்டுடியோ தயாரிப்பு, இயக்கம் கோயிச்சி மஷிமோ, இசை யூகி கஜியுரா. ‘டீமன் ஸ்லேயர்’ படத்தைத் தியேட்டரில் தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்கள் கஜியுராவின் இசையை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. நுவார் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆரம்பகால வேலைகளில் ஒன்று.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிரேய் புக்கே பிரான்ஸின் கோர்சிகா தீவில் பிறந்து பாரிஸில் வாழும் கூலிக்கொலையாளி. ஜப்பானிலிருந்து முகம் தெரியாத ஒருத்தி அவளுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாள். கூடவே ஒரு மெட்டு. மிரேய் சிறுமியாக இருந்தபோது, பெற்றோர் கொல்லப்பட்ட அன்று கேட்ட அதே மெட்டு. அனுப்பியவள் கிரிகா, பள்ளிச் சீருடைப் பெண். பழைய நினைவு ஒன்றும் இல்லை, அடையாள அட்டை போலி, கையில் ஒரு துப்பாக்கியும் பாட்டுப் பாடும் ஒரு பாக்கெட் கடிகாரமும் மட்டும். ஆனால் கொல்லத் தெரிகிறது, அதுவும் மிரேயை விட நன்றாக. இருவரும் ‘நுவார்’ என்ற பெயரில் சேர்ந்து தொழில் செய்கிறார்கள். உண்மை தெரிந்தபின் உன்னைக் கொன்றுவிடுவேன் என்று மிரேய் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். கூட்டாளிகளுக்குள் இவ்வளவு தெளிவான ஒப்பந்தத்தை நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் கண்டதில்லை.

சரி, சவுண்டுக்கு வருகிறேன். ஜப்பானிய டிவி அனிமேவிலும் பெரும்பாலும் நம் முறைதான். படம் முடிவதற்கு முன்பே இசையமைப்பாளர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பல துண்டுகளை எழுதிக் கொடுத்துவிடுவார். அதிலிருந்து பொறுக்கிக் காட்சிகளில் வைப்பது ஒலிப் பிரிவின் பொறுப்பு. அதாவது, என்னைப் போல ஒருவர் அங்கேயும் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியிருந்தும் அவர்களுடையது ஏன் அப்படிக் கேட்கிறது, நம்முடையது ஏன் இப்படிக் கேட்கிறது என்பதுதான் என்னைக் குடைந்தது.

இந்தத் தொழிலில் சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வசனத்துக்குக் கீழே குரல் வைக்காதே என்பது. புல்லாங்குழல் வைக்கலாம், வீணை வைக்கலாம். மனிதக் குரல் வந்தால் காது அந்தப் பக்கம் ஓடிவிடும். நுவாரின் சண்டைக் காட்சிகளில் அடிக்கடி வரும் ‘சால்வா நோஸ்’, ‘காந்தா பெர் மே’ இரண்டுமே முழுக்கப் பாடப்பட்ட பாட்டுகள். ஒன்று லத்தீன், இன்னொன்று இத்தாலியன். முதலாவது தாளத்தோடு விரட்டுகிறது. இரண்டாவது நிதானமான, ஏக்கமான பாட்டு, சண்டைக்கு யாரும் தேர்ந்தெடுக்காத ரகம். இரண்டையும் துப்பாக்கிச் சூட்டின் மேல் தைரியமாக வைத்திருக்கிறார்கள். எப்படி முடிந்தது? சண்டை ஆரம்பித்தால் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். “உன்னை விடமாட்டேன்” இல்லை, வில்லனின் சிரிப்பு இல்லை. முதல் அத்தியாயத்தில் கிரிகா ஒருவனுடைய கழுத்து டையைப் பிடித்துக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கிறாள். டை இறுகுகிறது, ஆள் முடிந்தான். நம் சீரியலாக இருந்தால் குதிப்பதற்கு முன் அவள் தன் அம்மாவின் மேல் சத்தியம் செய்திருப்பாள். பாட்டுக்கான இடத்தை அங்கே எழுதும்போதே விட்டுவைத்திருக்கிறார்கள். மிக்ஸிங்கில் வந்து தேடிக் கண்டுபிடித்த இடம் இல்லை அது.

ரத்தமும் அப்படித்தான். இத்தனை பேர் சுடப்பட்டு விழும் தொடரில் சட்டையில் ஒரு கறைகூடப் படிவதில்லை என்றே சொல்லலாம். டிவி டோக்கியோ அந்தக் காலத்தில் வன்முறை விஷயத்தில் கெடுபிடியான சேனல். 1998-ல் ‘கௌபாய் பீபாப்’ தொடரையே முழுசாக ஒளிபரப்பாமல் பாதியளவு அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டவர்கள். நுவாரில் கறுப்பு கோட் போட்டவர்கள் சத்தமில்லாமல் சரிகிறார்கள், கேமரா அடுத்த சுவருக்குப் போய்விடுகிறது. கட்டுப்பாட்டையே ஸ்டைலாக்கிவிட்டார்கள்.

அதற்காக எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. நடுவில் பல அத்தியாயங்கள் இழுக்கின்றன. அடியாட்கள் வரிசையில் நின்று சுடப்படுகிறார்கள். நம்மூர் ஸ்டண்ட் ரவுடிகளே இன்னும் கொஞ்சம் யோசித்து வருவார்கள். கோர்சிகா வீட்டின் ஃப்ளாஷ்பேக், அந்தச் சிறுமி, அந்தக் கடிகாரம், எல்லாம் திரும்பத் திரும்ப அதே படங்களாக வருகின்றன. தம்பி இதைச் சோம்பேறித்தனம் என்பான். எனக்கு அதில் ஒரு ஆர்வம் உண்டு. கடிகார மெட்டு முதலில் காட்சிக்குள்ளேயே ஒலிக்கிறது, மூடியைத் திறந்தால் கேட்கிறது. பிறகு அதே மெட்டு கடிகாரம் இல்லாத இடத்திலும் பின்னணியாக வருகிறது. படம் மாறவில்லை, ஆனால் நாம் இதற்குள் கூடுதலாகக் கொஞ்சம் தெரிந்துகொண்டிருப்பதால் மெட்டு வேறு மாதிரி கேட்கிறது. காசு மிச்சம் பிடித்ததும் உண்மை, வேலை செய்ததும் உண்மை. ஆறாவது அத்தியாயத்தை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதில் கொல்ல வேண்டிய ஆள், பழைய கொடுமைகளுக்குப் பிறகு ஏழைகளுக்கு உதவிக்கொண்டு வாழும் ஒரு கிழவர். அவருடைய பூனை கிரிகாவோடு ஒட்டிக்கொள்கிறது. ‘அம்மா சோகம்’ ஃபோல்டரை நான் தாராளமாகத் திறந்திருக்கக்கூடிய கதை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மருமகள் பீரோவில் பழைய கடிதத்தைக் கண்டெடுக்கும் காட்சி ஒன்று வந்தது. இசையே வைக்காமல், ஃபேன் சுற்றும் சத்தத்தை மட்டும் விட்டு அனுப்பினேன். டைரக்டர் பார்த்துவிட்டு, “என்னப்பா, டிராக் விட்டுப்போச்சா?” என்றார். இல்லை சார், வேண்டுமென்றே விட்டது என்றேன். அவர் கோபப்படவில்லை. “வீட்ல அந்தம்மா அடுப்படியில நிக்கிறாங்க. தாளிக்கிற சத்தத்துல உன் ஃபேன் எங்க கேட்கும்? மியூசிக் வந்தாத்தான் கரண்டியோட எட்டிப் பார்ப்பாங்க.”

எனக்குக் கிடைத்த பதில் இதுதான் என்று நினைக்கிறேன். நம் ஆட்களில் பாதிப்பேர் சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். நுவார் ஜப்பானில் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தில் வந்த தொடர். அந்நேரத்தில் டிவி முன்னால் இருப்பவர் அதற்காகவே விழித்திருப்பவர், வீடு அடங்கியிருக்கும், மௌனம் வைத்தால் அது மௌனமாகவே போய்ச் சேரும். ஏழரை மணி ஸ்லாட்டில் அதே மௌனம் கரண்ட் போய்விட்டதா என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். இதில் ரசனைக் குறைவு என்று யாரையும் சொல்வதற்கில்லை.

ஆனாலும் பேரம் பேசலாம். ‘அதிர்ச்சி பெரியது’ விழுவதற்கு முன் எல்லா டிராக்கையும் வெட்டிவிட்டு அரை செகண்ட் விட்டுப் பார்த்தேன். டைரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு செகண்ட் ஆக்கினேன். சேனலின் தரப் பரிசோதனையிலிருந்து ‘ஆடியோ டிராப்’ என்று குறிப்புப் போட்டு எபிசோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அந்த இடைவெளிகளில் ரூம் டோன் (ஆளில்லாத அறையின் மெல்லிய இரைச்சல்), தூரத்து ஆட்டோ, குக்கர் விசில் என்று ஏதாவது ஒன்றை மெல்லிசாக ஓடவிடச் சொல்லித் தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மீட்டரில் முள் அசைகிறது, எபிசோடு பாஸாகிவிடுகிறது. இப்போது ஒன்றரை செகண்ட் வரை வந்திருக்கிறோம். கதை எழுதுபவரிடமும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்: வில்லி அடுத்தமுறை விஷம் கலக்கும்போது, தான் விஷம் கலப்பதை வாய்விட்டுச் சொல்லாமல் கலக்கட்டும் என்று. யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.