கைக்கு வந்தாதான் காசு

திருப்பூர்ல பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், ரெண்டு கம்பெனி சேத்தா 15 வருசம் ஆச்சு, அதுல பாதி நேரம் அடுத்தவங்க பிஎஃப் (சம்பளத்துல புடிச்சு சேத்து வெக்கற வருங்கால வைப்பு நிதி) கணக்க பாத்தே போயிருக்கும். இங்க பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். அன்னிக்கு சாயங்காலம் என் டேபிள் முன்னாடி நின்னு பவர் டேபிள் டெய்லர்ல இருந்து செக்கிங் அக்கா வரைக்கும் சொல்ற ஒரே வசனம், "ஏனுங்ண்ணா, பிஎஃப் புடிக்காம கையில குடுத்துடுங்ளேன், அந்த காச யாரு பாத்தா?"

மொதல்ல எனக்கு கோவமா வரும். அப்புறம் பாத்தா அவங்க சொல்றதும் பொய் இல்ல. வாடகை, பசங்க பீஸு, ஊர்ல அம்மாவுக்கு மாத்திரை, எல்லாம் நெஜம். ஒன்னரை ஷிப்ட் ஓட்டினாதான் வாரம் ஓடும், ஆர்டர் இல்லாத வாரம் அதுவும் கெடையாது. சம்பளம் பத்தலங்கறத சாக்குன்னு சொல்றவன் ஒரு வாரம் ஓவர்லாக் மெஷின்ல உக்காந்து பாக்கணும்.

ஆனா ஒரு டெய்லர் தம்பி இருந்தான், கை நல்ல வேகம், பீஸ் ரேட்ல மத்தவங்கள விட ஜாஸ்தி எடுப்பான். வருசத்துக்கு ஒரு கம்பெனி மாறுவான், மாறுன ரெண்டு மாசம் கழிச்சு பழைய பிஎஃப எடுத்துருவான் (அப்ப ரூல் அப்படி, ரெண்டு மாசம் வேலை இல்லன்னா எடுக்கலாம், இவன் பிஎஃப் இல்லாத எடத்துல தச்சுட்டு இருப்பான்). ஒரு தடவ "3 வட்டிக்கு கடன் இருக்குங்ண்ணா, அடைச்சுருவேன்"னு சொன்னான். நான் வாயடைச்சு போயிட்டேன், ஏன்னா கணக்கு அவன் பக்கம், மாசம் 3 வட்டின்னா வருசத்துக்கு 36, பிஎஃப் குடுக்கறது 8 சொச்சம், எடுத்து அடைக்கறதுதான் புத்திசாலித்தனம். அடுத்த வாரம் புது பைக்ல வந்தான். கடன்? "தீவாளி போனஸ்ல பாத்துக்கலாம்ணா."

அன்னிக்கு ராத்திரி அவனுக்காக ஒரு தாள்ல போட்டு பாத்தேன். 12,000 சம்பளம்னா அவன் பங்கு 12 சதவீதம், 1,440. கம்பெனி பங்குல பென்சனுக்கு போனது போக மிச்சம் 440. மாசம் 1,880, 10 வருசம் தொடாம விட்டா 8 சதவீதத்துலயே மூணே கால் லட்சத்த தாண்டும். அதுக்கு மேல 10 வருசம் சர்வீஸ் முடிஞ்சா 58 வயசுல பென்சன், இந்த சம்பளத்துக்கு மாசம் 1,700 சொச்சம். பெரிய தொகையான்னு கேட்டா இல்லதான். ஆனா ஒவ்வொரு தடவையும் 10சி ஃபார்ம் போட்டு பென்சன் காசயும் சேத்து எடுக்கறப்ப சர்வீஸ் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குது, அதத்தான் அவன் கடைசி வரைக்கும் காதுல வாங்கல. "58 வயசு வரைக்கும் நான் இருப்பனாண்ணா" னு சிரிச்சான். அதுக்கு என்ன பதில் சொல்றது.

இவ்வளவு பேசற நான் என்ன பண்ணேன்னு சொல்லாம விட்டா நல்லா இருக்காது. பழைய கம்பெனில 9 வருசம் முடிச்சு வெளிய வந்தப்ப என் பிஎஃப், பென்சன் காசு ரெண்டையும் வழிச்சு எடுத்தேன். காசுக்கு பதிலா ஸ்கீம் சர்டிபிகேட் (பென்சன் சர்வீஸுக்கான சான்று) வாங்கி வெச்சிருந்தா அந்த 9 வருசமும் புது கணக்குல சேந்திருக்கும், அது எனக்கு தெரியும், ஊருக்கே அத சொல்லிக் குடுத்தவன் நான். என் சாக்கு என்ன தெரியுமா, "எனக்கு கணக்கு தெரியும், இவனுங்க 8 சதவீதம் குடுக்கறத விட நான் நல்லா பெருக்குவேன்". அவிநாசி பக்கம் ஒரு சைட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தேன், கிரையமும் நடக்கல, காசும் திரும்பல. பைக்காவது அவன் ஓட்டுறான்.

டெய்லர் தம்பி "பத்தல"ன்னான், நான் "தெரியும்"னேன். ரெண்டுல என்னோடதுதான் மோசம்னு தோணுது, ஏன்னா பத்தலன்னு சொல்றவன் சம்பளம் ஏறுனா ஒரு நாள் சேக்கலாம், தெரியும்னு சொல்றவன்கிட்ட யாரும் பேச முடியாது, வீட்டுக்காரம்மா சொன்னப்ப கூட "உனக்கு புரியாது"ன்னுட்டேன்.

செக்கிங்ல ஒரு அக்கா இருக்காங்க. மூணு கம்பெனி மாறியும் ஒரு தடவ கூட பிஎஃப எடுக்கல, எல்லாத்தையும் ஒரே யூஏஎன்ல (கம்பெனி மாறுனாலும் மாறாத பிஎஃப் நம்பர்) மாத்தி மாத்தி கொண்டு வந்து 11 வருசம் ஆச்சு. ஏன்க்கான்னு கேட்டா பெரிய தத்துவம் எல்லாம் இல்ல, "எடுத்தா அவரு குடிச்சுருவாருங்க, அங்கயே கெடக்கட்டும்".

போன சனிக்கிழமை அவங்க போன்ல பாஸ்புக் எடுத்து காட்டுனேன். தொகைய ரெண்டு தடவ படிக்க சொன்னாங்க, விரல் விட்டு எண்ணுனாங்க, அப்புறம் சாதாரணமா கேட்டாங்க, "உங்களுது எவ்ளோ இருக்குதுங்க? நீங்க எனக்கு முன்னாடியே வேலைக்கு வந்தவராச்சே."

"சர்வர் டவுன்க்கா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளோட கவர எடுத்தேன்.